சின்னத்திரைக்கு வேண்டும் ஒரு தாயுமானவர்

"தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்" என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் வழங்கிவரும் பழமொழி. தாய் கண்ணை மூடிவிட்டால், பெற்ற தகப்பனும் பிள்ளைகளுக்குச் சித்தப்பனைப் போலச் சற்று விலகிய உறவாகிவிடுகிறான் என்பது இதன் பொருள். பழமொழிகள் அனுபவத்தில் பிறந்தவை. எளிதில் தள்ளிவிட முடியாதவை. ஆயினும் இந்தப் பழமொழி என்றென்றும் உண்மையாகத்தான் இருக்க வேண்டுமா? மனைவியை இழந்த ஓர் ஆண்மகன், தன் மக்களுக்குத் தந்தையும் தாயுமாக விளங்க முடியாதா?

இந்த வினாவை எழுப்பியதற்குக் காரணம் நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி. மாலையில் விளக்கேற்றியதும் அந்தப் பெட்டியும் ஏற்றப்படுகிறது. பாட்டியும் பேத்தியும் ஒன்றாக அமர்ந்து தொடர் பார்க்கிறார்கள். அதில் வரும் மாமியாரைப் பார்த்து மாமியார்களும், மருமகளைப் பார்த்து மருமகள்களும் பாடம் படிக்கிறார்கள். அப்படியானால், தாயில்லாத பிள்ளைகளை வளர்க்கும் தந்தைக்கு அந்தப் பெட்டி என்ன பாடம் சொல்லித் தருகிறது? மாணவச் செல்வங்களும், அவர்தம் பெற்றோரும், அருட்சகோதரியரும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. காலையில் பட்டாசு ஆலை வண்டியிலும் தீப்பெட்டி ஆலை வண்டியிலும் ஏறிச் செல்வோரில் தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெண்களும் உண்டு. பெயர் சொல்லிப் பேசப்படும் இந்தப் பெரிய விபத்துகளுக்கு இடையே, செய்தித்தாளில் இரண்டு வரியோடு முடிந்துபோன சிறிய விபத்துகள் எத்தனை எத்தனை! ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தகப்பன், அணைந்த அடுப்பின் முன்னே, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதில்தான் அந்தப் பிள்ளைகளின் எதிர்காலம் இருக்கிறது.

தமிழ்த் தொலைக்காட்சியில் இத்தகைய தந்தையை நடுநாயகமாக வைத்த தொடர் என்றால் உடனே நினைவுக்கு வருவது "மெட்டி ஒலி". இயக்குநர் திருமுருகனின் அத்தொடர் 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் 800-க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மறுபடியும் ஒளிபரப்பப்பட்டு, இன்றைய மாணவியரும் அதைக் காண வாய்ப்புக் கிடைத்தது. மனைவியை இழந்த சிதம்பரம் என்னும் முதியவராக டெல்லி குமார் நடித்தார். அவருக்கு ஐந்து பெண்மக்கள். தனம், சரோ, லீலா, விஜி, பவானி என்ற அப்பெயர்களை நம் தாய்மார்கள் சொந்தக்காரப் பெண்களின் பெயர்களைப் போல இன்றும் சொல்வார்கள்.

அத்தொடரை நான் குறை சொல்லப்போவதில்லை. சிதம்பரம் கத்திச் சண்டை போடும் வீரரல்லர், பணக்காரரும் அல்லர். மகளை மணம் முடித்துக் கொடுத்த வீட்டு வாசலில் தலை குனிந்து நிற்கும் சாதாரணத் தகப்பன். தாயில்லாப் பெண் புகுந்த வீட்டில் படும் துன்பத்தையும், அதைக் கேட்டும் ஒன்றும் செய்ய இயலாத தந்தையின் மௌனத்தையும் அத்தொடர் மனமுருகக் காட்டியது. ஆண்மகனும் அழலாம், அது இழிவன்று என்று கற்றுத் தந்தது. இவையெல்லாம் சிறிய செயல்கள் அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? கதை தொடங்கும்போது மகள்கள் வளர்ந்து, மணமுடிக்கும் பருவத்தில் நிற்கிறார்கள். தந்தைக்கு முன்னே இருக்கும் கடமை, ஐவரையும் கரையேற்றுவது. ஐந்து குழந்தைகளையும் அவர் எவ்வாறு வளர்த்தார்? காய்ச்சல் கண்ட இரவில் யார் விழித்திருந்தார்? பள்ளிக்குப் போகுமுன் யார் தலை வாரினார்? அந்தப் பகுதி முழுவதும் கதை தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. தந்தையின் பெருமை, நடத்தி வைத்த திருமணங்களால் அளக்கப்படுகிறது. ஊட்டிய சோறு கணக்கில் வரவில்லை.

திரையில் தாய் மறைந்துவிட்டால் அவள் விட்டுச் சென்ற வேலை யார் கைக்குப் போகிறது என்று தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் நான்கு வழிகள் தென்படுகின்றன.

முதல் வழி, சித்தி. 1983-இல் வெளிவந்த "முந்தானை முடிச்சு" திரைப்படத்தில் பாக்கியராஜ், கைக்குழந்தையோடு கிராமத்துக்கு வரும் பள்ளி ஆசிரியர். அவரை மணக்கும் பரிமளம், அந்தக் குழந்தைக்காகத் தனக்கென்று ஒரு பிள்ளையே வேண்டாம் என்று அறுவை சிகிச்சைக்குத் துணிகிறாள். 1999 முதல் 2001 வரை வந்த "சித்தி" தொடரில், சிவகுமாரின் மனைவியாக வரும் ராதிகா, தான் பெறாத மகளுக்குத் தாயாகிறார். சித்தி என்றாலே கொடியவள் என்ற எண்ணத்தை இவை மாற்றின. அதற்காகப் பாராட்ட வேண்டும். ஆயினும் தியாகம் செய்தவள் யார்? வந்த பெண்தான்.

இரண்டாவது வழி, பாட்டி. 1994-இல் வந்த "மகாநதி"யில் கமல்ஹாசன் மனைவியை இழந்தவர். அவருடைய இரு பிள்ளைகளுக்கும் துணையாக இருப்பவர் மாமியார். அந்த மாமியாராக நடித்த எஸ். என். லட்சுமி, நம் விருதுநகருக்கு அருகிலுள்ள சென்னல்குடியில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. மூன்றாவது வழி, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிடுவது. "நாயகன்" படத்தில் (1987) மனைவி கொல்லப்பட்டதும் வேலு நாயக்கர் தம் மக்களைப் பம்பாயிலிருந்து சென்னைக்கு அனுப்பி வைக்கிறார்.

நான்காவது வழி, மூத்த மகள். இதைத்தான் மிகவும் கவலையோடு குறிப்பிட விரும்புகிறேன். ஏனெனில் முதல் மூன்று வழிகளும் வாய்க்காத ஏழை வீட்டில் எஞ்சி நிற்பது இது ஒன்றே. பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ அவள் அடுப்படிக்குப் போகிறாள். தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள், தங்கையைக் குளிப்பாட்டுகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், பிறகு பள்ளிக்குத் தாமதமாக ஓடி வருகிறாள். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிடுகிறாள். ஊரார் அவளைப் பார்த்து, "குட்டி அம்மா மாதிரி எவ்வளவு பொறுப்பு!" என்று மெச்சுகிறார்கள். அந்தப் புகழ்ச்சியின் விலை அவளுடைய படிப்பு.

ஒரு காலத்தில் நம் வட்டாரத்துச் சிறுமியர் தீப்பெட்டிக் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போய்ப் பள்ளியை இழந்தார்கள். 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்று. அரசும் தொண்டுள்ளம் கொண்டோரும் பாடுபட்டு எத்தனையோ பிள்ளைகளை ஆலையிலிருந்து பள்ளிக்கு மீட்டார்கள். ஆனால் சட்டம் ஆலை வாசலில்தான் காவல் நிற்கும்; வீட்டு அடுக்களை வாசலுக்கு வந்து நிற்காது. அங்கே காவல் நிற்க வேண்டியவர் தந்தை ஒருவரே.

மேலை நாட்டுத் தொலைக்காட்சியில் இப்பொருள் எவ்வாறு கையாளப்பட்டது என்றும் பார்ப்போம். அமெரிக்காவில் 1987 முதல் 1995 வரை வந்த "ஃபுல் ஹவுஸ்" என்ற நகைச்சுவைத் தொடரில், டேனி டானர் என்பவர் மனைவியைச் சாலை விபத்தில் இழந்து மூன்று பெண்குழந்தைகளோடு நிற்கிறார். அவருக்குத் துணையாக வருவோர் இருவருமே ஆண்கள்: ஒருவர் மைத்துனர், மற்றவர் நண்பர். கைக்குழந்தைக்குத் துணி மாற்றத் தெரியாமல் அவர்கள் தடுமாறுவதைக் கண்டு நாடே சிரித்தது. ஆனால் அவர்கள் தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். வீட்டைத் துடைத்துத் துப்புரவாக வைப்பதில் டேனிக்கு இருந்த வெறி, அத்தொடரின் தீராத வேடிக்கை. அவர்களுடைய வசதியான வாழ்க்கைக்கும் நம் வாழ்க்கைக்கும் வெகு தூரம் என்பது உண்மையே. எனினும், வீட்டு வேலை தெரியாத ஆண் அதைக் கற்கலாம் என்ற எளிய செய்தி எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அன்றோ?

நம்மில் பலர் பார்த்து மகிழ்ந்த "சவுண்ட் ஆஃப் மியூசிக்" (1965) படத்திலோ, ஏழு பிள்ளைகளின் தந்தையான கப்பல்படைத் தலைவர் ஊதலை ஊதிப் பிள்ளைகளை அணிவகுக்கச் செய்கிறார். மடத்திலிருந்து மரியா வந்த பிறகே அந்த வீட்டில் பாட்டும் சிரிப்பும் திரும்புகின்றன. அதுவும் முதல் வழியே. ஒரு பெண் வரும்வரை வீடு வீடாகவில்லை.

திரையை விட்டு உண்மை வாழ்க்கைக்கு வருவோம். நம் பள்ளிப் பிள்ளைகள் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா, நான்கு வயதில் தாயை இழந்தவர். 1877 ஆகஸ்டில் அன்னை செலி மார்ட்டின் புற்றுநோயால் இறந்தபோது, தந்தை லூயி மார்ட்டினின் கையில் ஐந்து பெண்மக்கள் இருந்தனர். சிதம்பரத்துக்கும் ஐவர், லூயிக்கும் ஐவர்! லூயி என்ன செய்தார்? தாம் வாழ்ந்த அலன்சோன் நகரை விட்டு, பிள்ளைகளின் தாய்மாமன் குடும்பம் இருந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். பிள்ளைகளைத் தம் வசதிக்கு ஏற்ப மாற்றாமல், தம் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்காக மாற்றினார். மாலை வேளைகளில் சின்னத் தெரேசாவைக் கைப்பிடித்து உலாவ அழைத்துச் சென்றார். குளிர்கால இரவுகளில் பிள்ளைகளோடு அமர்ந்து பாடினார். பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர வேண்டுமென்று அவர் விரும்பியபோது, 1887-இல் உரோமைக்கே உடன் சென்றார்.

ஆயினும் அந்தப் புனிதக் குடும்பத்திலும் அன்றாடத் தாய்மைப் பொறுப்பு மூத்த பெண்களான மரி, பவுலின் இருவர் மீதும் விழுந்தது. தெரேசா பவுலினையே தம் இரண்டாம் தாயாகத் தேர்ந்துகொண்டார். 1882-இல் பவுலின் மடத்துக்குச் சென்றதும், மறுபடியும் ஒரு தாயை இழந்தவர்போலத் துடித்தார். அக்காவைத் தாயாக்கும்போது இரண்டு பிள்ளைகள் பாரம் சுமக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

லூயியைப் பற்றி இன்னொரு செய்தியையும் நம் ஊர்த் தந்தையர் அறிய வேண்டும். அவர் கடிகாரம் செய்பவர். அவர் மனைவி பின்னல்துணித் தொழில் நடத்தியவர். மனைவியின் தொழில் பெருகியபோது, 1870-இல் லூயி தம் கடையைக் கைமாற்றிவிட்டு மனைவிக்குத் துணையாக நின்றார். மனைவி உயிரோடு இருந்த காலத்திலேயே பங்கெடுத்துப் பழகியவர் ஆதலால், அவர் போன பிறகும் அவரால் நிற்க முடிந்தது. 2015 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் கணவன் மனைவி இருவரையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார்.

பிரான்சு நாடு வரை போவானேன்? நம் மாவட்டத்திலேயே ஒரு தந்தை இருக்கிறார். திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண்மகவை எடுத்து வளர்த்த பெரியாழ்வார்தான் அவர். அந்தக் கதையில் தாயைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை. தந்தையும் மகளுமே நம் கண்முன் நிற்கிறார்கள். அதைவிட வியப்பு, அவருடைய பாடல்கள். கண்ணனைத் தாலாட்டவும், நீராட்டவும், தலைவாரிப் பூச்சூட்டவும் அவர் தாயாகவே மாறிப் பாடினார். தாயின் வேலையைத் தாயின் குரலிலேயே பாட ஓர் ஆண்மகன் வெட்கப்படவில்லை. அவர் வளர்த்த மகள் ஆண்டாள், தமிழ் உள்ளவரை வாழும் கவிஞர் ஆனாள்.

திருச்சி மலைக்கோட்டைக் கதையும் நினைவுக்கு வருகிறது. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாமற்போக, பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்கு இறைவனே தாய் வடிவில் வந்து உதவியதாகக் கூறுவர். அதனால் அங்கே இறைவனுக்குத் "தாயுமானவர்" என்று பெயர். பாருங்கள், இப்படிப்பட்ட தந்தைக்கு நம் தமிழில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்! பெயருக்கேற்ற மனிதரைத் திரையில் காட்டுவதுதான் மீதி.

பெரிய திரை இப்போது சிறிது முன்னேறியிருக்கிறது. 2016-இல் வந்த "தெறி"யில் விஜய், மகளைத் தாமே பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தை. இயக்குநர் ராமின் "பேரன்பு" (2019) இன்னும் துணிந்தது. மனைவி விட்டுச் சென்றுவிட, மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு தனித்து விடப்படும் தந்தையாக மம்முட்டி நடித்தார். மகள் பெரியவளாகும் பருவத்தில் அவளுக்குத் தேவையான பணிவிடைகளைக்கூட அவர் தாமே கற்றுச் செய்கிறார். பார்ப்பதற்குக் கடினமான படம்; ஆனால் நேர்மையான படம். இரண்டரை மணி நேரப் படத்தில் முடிந்தது, ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடரில் முடியாதா? அன்றாட வேலையை அன்றாடம் காட்டத் தொடரைவிடப் பொருத்தமான வடிவம் வேறு உண்டோ?

"கூலிக்குப் போகும் ஆண், வேலையையும் பார்த்து வீட்டையும் எப்படிப் பார்ப்பான்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் கூலிக்குப் போகும் நம் தாய்மார்கள் இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? "பெண்பிள்ளைக்குச் சில சமயம் ஒரு பெண்ணின் துணை வேண்டுமே" என்றும் கேட்கலாம். வேண்டும்தான். அத்தை, பெரியம்மா, பாட்டி, ஆசிரியை எல்லோரும் துணை நிற்கட்டும். மறுமணம் செய்துகொள்வதும் தவறன்று. துணை கேட்பது வேறு. பொறுப்பை இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டு நகர்வது வேறு. அந்த வேறுபாட்டைத்தான் தொடர்கள் காட்ட வேண்டும்.

"ஆண் கைக்கு அந்த வேலையெல்லாம் வராது" என்று சொல்வோரும் உண்டு. சிவகாசிக்காரர் இதைச் சொல்லலாமா? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதிக்கும்வரை, ஆணும் பெண்ணுமாக இந்த மண்ணில் எத்தனை கைகள் சரம் பின்னின! விரல் நுனியில் திரியைப் பிடித்து, மருந்து சிந்தாமல், கண் இமைக்காமல் வேலை செய்யும் கைகள் இவை. சரம் பின்னிய கைக்குச் சடை பின்ன வராதா? மருந்தை அளவறிந்து இடும் கைக்கு உப்பை அளவறிந்து இடத் தெரியாதா?

வள்ளுவர் மக்களைப் பற்றிச் சொல்லும் அதிகாரத்தில், பிள்ளையைக் கற்றோர் அவையில் முந்தி நிற்கச் செய்வதே தந்தையின் உதவி என்கிறார். அந்த அவைக்குப் போகும் முதற்படி பள்ளிக்கூடம். மகளை அங்கே நேரத்துக்கு அனுப்ப, காலையில் யாராவது அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். தாயில்லாத வீட்டில் அந்தத் தீக்குச்சியை உரசும் தந்தையே, வள்ளுவர் சொன்ன தந்தை.

ஆகவே தொடர் எழுதும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணமேடையில் கண்ணீர் விடும் தந்தையைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். இனி ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளும் தந்தையை, பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தந்தையை, "நீ போய்ப் படி அம்மா, பாத்திரத்தை நான் துலக்குகிறேன்" என்று மகளிடம் சொல்லும் தந்தையைக் காட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இதைக் கற்கத் துன்பம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாய் நலமோடு இருக்கும் வீட்டிலும், அவள் ஆலையிலிருந்து களைத்து வரும் மாலையில், தந்தையும் மகனும் அடுக்களைக்குள் போகலாம். பார்த்து வளரும் மகனே நாளைய தந்தை.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு தொடர் பார்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "இந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது யார்?" உங்கள் வகுப்பில் தாயை இழந்த தோழி ஒருத்தி இருந்தால், அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம், "குட்டி அம்மா" என்று புகழவும் வேண்டாம். அவள் தாமதமாக வந்தால் விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுங்கள். அவள் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் ஆசிரியையிடம் சொல்லுங்கள். நாங்கள் அவள் வீட்டுக்குப் போய், அவளுடைய அப்பாவைப் பார்த்துப் பேசுவோம்.